மத்தியானத் தூக்கக்காரி

கடைத்தெருவின் நடுவில், ஒரு துணிக்கடைக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் இடையில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது அந்தக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் அலமாரி அலமாரியாக ஃப்ரேம்கள், என்றாவது ஒரு மூக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையில். பின்பக்கம் ஒரு கறுப்புத் திரை. அதை விலக்கிக்கொண்டு போனால் கண் பார்க்கிற அறை. சன்னல் கிடையாது. ஒரு சாய்வு நாற்காலி, எதிர்ச்சுவரில் உள்ளே விளக்கு வைத்த எழுத்துப் பலகை, ஒரு பெட்டி நிறைய வட்ட வட்டமாக லென்ஸ்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் சாயங்காலம்தான். அந்தச் சாயங்காலத்தை ஆள்கிறவளை வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியம்மா என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கண்ணாடியம்மாவுக்குப் பொறுமை அதிகம். முந்தின ஆள் படிக்கும்போது திரைக்கு வெளியே நின்று எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டே கடகடவென்று ஒப்பிக்கிற பெரியவர்கள் உண்டு. அவள் முகம் சுளிக்க மாட்டாள். சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிட்டு, "இப்ப படிங்க, ஐயா" என்பாள். ஐயா முகத்தில் ஈயாடாது. ஒரு லென்ஸைப் போட்டு, இன்னொன்றைப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, இதுலயா?" என்று அவள் கேட்கிற குரல், குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவள் குரல் மாதிரி இருக்கும். பாதிப் பேருக்கு அந்த நாற்காலியிலேயே கண்ணைச் சொக்கும்.

மத்தியானம் ஆனால் அந்த நாற்காலியில் சொக்கிப்போகிறவள் அவள்தான்.

கடையில் வேலை செய்கிறவர்கள் பின்கட்டில் சாப்பாட்டு டப்பாக்களைத் திறப்பார்கள். மூடி திறக்கிற சத்தம் வரும், பிறகு வாசனை வரும். அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், கண்ணாடியம்மாவின் இமை கனத்துவிடும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போவாள், நாற்காலியில் சாய்வாள், அவ்வளவுதான், அடித்துப் போட்டதுபோலத் தூக்கம். எழுந்த பிறகு, எல்லோரும் கைகழுவிவிட்டுப் போன பிறகு, சுவரைப் பார்த்து நின்றபடி, ஆறிப்போன தன் டப்பாவை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல மளமளவென்று காலி செய்வாள்.

முதலாளி ஆரம்பத்தில் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, காலையிலும் சாயங்காலத்திலும் அவள் செய்கிற வேலைக்கு இன்னொரு ஆளைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். வாடிக்கையாளர் யாராவது அந்த நேரத்தில் வந்துவிட்டால், "உள்ள ஒரு கண் டெஸ்ட் நடக்குது, கொஞ்சம் உக்காருங்க" என்பார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கண் இருக்கிறது, மூடியிருக்கிறது.

அந்தத் தூக்கத்தில் அவளுக்கு ஒரே ஒரு கனவுதான். ஒரு பெரிய வீடு. மாடிப்படி ஏறிப்போனால் மேலே ஒரு அறை, எல்லாச் சன்னலும் திறந்திருக்கும், வெள்ளை வெளிச்சம் தரையெல்லாம் வழிந்து கிடக்கும். நடுவில் நீளமான மேசை, சுற்றி நாற்காலிகள். மேசையில் ஒன்றுமே இருக்காது. அவள் போய் ஒரு நாற்காலியில் உட்காருவாள். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காற்றில் திரைச்சீலை மெதுவாக ஊதி அடங்கும். உட்கார்ந்திருப்பதே போதும் என்றிருக்கும். பசிக்கிற ஆள் சாப்பாட்டைத்தானே கனவு காண்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆரம்பத்தில் அப்படித்தான் கண்டாள். போகப்போக, கனவுக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லையோ என்னவோ, தட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்துபோய் மேசை மட்டும் மிஞ்சியது.

பசி என்று சொன்னேன் அல்லவா? அது அவள் கல்லூரியில் படித்த காலத்துச் சமாசாரம்.

அப்பாவும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கட்டிய வயிறுகளில் அவளுடையதும் சேர்ந்துபோனது. அதுதான் அவர்களுக்குத் தெரியாது. படிப்புக்குக் கட்டியாகிவிட்டது, தங்குகிற கட்டிலுக்குக் கட்டியாகிவிட்டது, சாப்பாட்டுக்கு என்று வரும்போது கையில் ஒன்றும் நிற்கவில்லை. காலையில் ஒரு ரொட்டித்துண்டு, சாயங்காலம் அதன் தம்பி. நடுவில் இருந்த மத்தியானத்தை என்ன செய்வது?

தோழிகள் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது, "வா, சாப்பிடலாம்" என்பார்கள். "நான் சாப்பிட்டுட்டேன்" என்பாள். நல்ல பிள்ளைகள்தான், கேட்டால் பங்கு கொடுத்திருப்பார்கள். ஒரு நாள் கொடுப்பார்கள், இரண்டு நாள் கொடுப்பார்கள், மூன்றாம் நாள் அவர்கள் கண்ணில் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளுமே, அதை நினைத்துத்தான் அவள் பயந்தாள். மாடியில் இருந்த வாசிப்பறைக்குப் போய், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசி மேசையில் கையை மடித்துத் தலை சாய்த்தாள். முதலில் தூக்கம் வரவில்லை. பசி காதை அடைத்தது. பிறகு மெல்ல மெல்ல உடம்பு வழிக்கு வந்தது. கீழே டப்பாக்கள் திறக்கிற சத்தம் கேட்டதும், படிக்கட்டில் வாசனை ஏறி வந்ததும், தானாகவே கண் மூடிக்கொள்ளப் பழகியது. தூங்குகிறவளை யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். பட்டினிக்காரி என்ற பெயரைவிட அது எவ்வளவோ மேல் என்று அவள் ஏற்றுக்கொண்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு நடந்த பாடங்களில் அவள் உடம்பு மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் அவளிடம் அந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டால், காலையில் நடத்தியதை எல்லாம் அழகாகச் சொல்வாள், மீதி சுத்தம். கரும்பலகை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தபோது கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இருட்டறையும், கேள்வி கேட்டாலும் எழுத்தைப் பற்றி மட்டுமே கேட்கிற அந்த மெல்லிய குரலும் அவளுக்குப் பிடித்துப்போயின. படிப்பை எப்படியோ ஒப்பேற்றி முடித்துவிட்டு இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். சம்பளம் வந்தது. சாப்பாடு வந்தது. தூக்கம் மட்டும் போகவில்லை. உடம்புக்கு ஒன்றைக் கற்றுக்கொடுப்பது சுலபம், அதை மறக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அவளைக் கட்டிக்கொண்டவரோ சமையல்காரர். ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறையில் அண்டா அண்டாவாக ஆக்கி இறக்குகிறவர். உப்பில்லாமலும் காரமில்லாமலும் சமைத்துச் சமைத்துக் கைதேர்ந்தவர். வீட்டுக்கு வந்தால்தான் அவருடைய கைக்கு விடுமுறை நாளின் சுதந்திரம். வெங்காயத்தை எண்ணெயில் போட்டு, பொன்னிறமாக வதக்கி, "இங்க வந்து வாசனை பாரேன்" என்று திரும்பினால், மனைவி மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். புதிதில் மனிதர் நொந்துபோனார். தன் சமையல் லட்சணம் அப்படியோ என்று சந்தேகப்பட்டார். பிறகு, அவள் வம்சத்தில் எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானமாகிவிட்டார். அவளும் மறுத்துச் சொல்லவில்லை. பட்டினி கிடந்தேன் என்று, ஊருக்கே ஆக்கிப் போடுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

அவரிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. சாப்பிட்டாயா என்று மட்டும் தன்னைக் கேட்கக் கூடாது. நம் ஆட்கள் எதிரெதிரே வந்தால் வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்கிற கேள்வி அதுதான், பதிலைக்கூட எதிர்பார்க்காமல் கேட்பார்கள். அவளுக்கோ அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே நாக்கில் ஒரு பொய் தயாராக வந்து நின்றுவிடும். சமையல்காரருக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. அதனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. தூங்கினாயா என்று கேட்பார்கள்.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான் மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். சின்னக் குழந்தையாக இருந்தபோது, கடை விடுமுறை நாட்களில் மத்தியானம் அம்மா சாய்ந்ததும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு படுப்பாள். சன்னல் திரை வழியாக வெயில் சல்லடையில் சலித்ததுபோல இறங்கும். இருவர் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கும். அந்த வீட்டின் மிக இனிமையான நேரம் அதுதான்.

குட்டி வளர்ந்து வேறு ஊரில் கல்லூரியில் சேர்ந்தாள். மத்தியானம் டப்பாக்கள் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடியம்மா இருட்டறை நாற்காலியில் உட்கார்ந்து மகளுக்கு ஃபோன் போடுவாள். முதல் வருஷம் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாகக் கேட்கும். அடுத்த வருஷம் அமைதியாக இருந்தது. "தூக்கம் வருதும்மா" என்பாள் மகள். "தூங்கு கண்ணு, நானும் தூங்கத்தான் போறேன்" என்பாள் தாய். இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கண் மூடுவதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தூரத்தில் இருந்தாலும் மகள் தன் பக்கத்திலேயே படுத்திருப்பதாகத் தோன்றும். வருஷம் முழுக்க அப்படித்தான் தூங்கினார்கள்.

விடுமுறைக்கு வந்த குட்டி மெலிந்திருந்தாள். படிக்கிற பிள்ளை, மெலியத்தான் செய்வாள் என்றார் அப்பா. "கண்ணுதான்மா சரியில்ல. போர்டுல எழுதினா மங்கலா தெரியுது. கண்ணாடி போடணும்போல" என்றாள் குட்டி. கண்ணாடிக்காரி வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணாடியா என்று சிரித்துக்கொண்டே, மறுநாள் முற்பகலில் கடைக்குக் கூட்டிப் போனாள் தாய். புறப்படும்போது அப்பா தட்டை நீட்டினார். காலையில் எதுவும் இறங்குவதில்லை, பழக்கம் விட்டுப்போச்சு என்று தட்டை நகர்த்திவிட்டாள் மகள்.

இருட்டறையில் குட்டி நாற்காலியில் சாய்ந்தாள். பலகை மட்டும் நிலாப்போல ஒளிர்ந்தது. பெரிய எழுத்துகளைப் படித்தாள், நடுவரிசையில் தடுமாறினாள், அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றாள். கண்ணாடியம்மா ஒரு லென்ஸைப் போட்டாள். மாற்றினாள். இன்னொன்றைப் போட்டாள்.

"இதுல தெளிவா இருக்கா, இதுலயா?"

"எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. நடுவுல மினுக்கு மினுக்குன்னு பூச்சி வேற பறக்குது."

தாயின் கை லென்ஸோடு அப்படியே நின்றது. கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ வயதானவர்கள் வந்திருக்கிறார்கள். இந்த வயதில் பறக்கிற பூச்சி வேறு ஜாதி. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசிப்பறையில் அவள் தலை சாய்க்கும் முன்னால் மேசைமேல் அவை பறந்திருக்கின்றன.

வெளியே போய், சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு டீ வாங்கி வந்து மகள் கையில் கொடுத்தாள். குட்டி அதை வாய் எடுக்காமல் குடித்தாள். தாய் லென்ஸ்களைத் துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, சர்க்கரை உடம்பில் ஏறும்வரை காத்திருந்தாள். பிறகு லென்ஸே இல்லாமல் வெறும் ஃப்ரேமை மாட்டிவிட்டு, படி என்றாள். குட்டி மேலிருந்து ஆரம்பித்து, நடுவரிசையைத் தாண்டி, கடைசி வரிவரை தடையில்லாமல் படித்துவிட்டாள்.

"சூப்பர்மா. இந்த லென்ஸுதான் சரி. இதையே போட்டுடு" என்றாள்.

கண்ணாடியம்மா திரும்பி நின்று பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கண்ணாடி வேண்டியதில்லை, களைப்புதான் என்று எதையோ சொல்லி மழுப்பினாள். மகளை முன்னால் நடக்கவிட்டு அவள் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். தெருவெல்லாம் வெயில் தண்ணீர்போல ஆடியது. தூங்கு கண்ணு, தூங்கு கண்ணு என்று தான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் காதுக்குள் வந்து விழுந்தன. பெற்ற பிள்ளை பட்டினி கிடந்தபோது தாலாட்டுப் பாடியிருக்கிறோம்.

இப்போது என்ன செய்வது? விடுமுறை முடியப் போகிறது. குட்டி அந்த ஊருக்குத் திரும்பிவிட்டால், இந்தத் தூக்கம் அவள் உடம்பில் வேர் விட்டுவிடும். சம்பளம் வந்தாலும் போகாது, கல்யாணம் ஆனாலும் போகாது, சுடச்சுடத் தட்டில் வந்து விழுந்தாலும் கண் மூடிக்கொள்ளும் என்பது கண்ணாடியம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்? போவதற்குள் கேட்டாக வேண்டும். ஆனால் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். சாப்பிடுகிறேனே, நன்றாகத்தானே சாப்பிடுகிறேன் என்று சிரித்த முகத்தோடு வரும். அந்தச் சிரிப்பை உலகத்திலேயே திறமையாகச் சிரித்தவள் அவள்தான்.

சமையல்காரர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் தானே செய்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கி, முட்டை பொரித்து, ரொட்டியைச் சூடாக்கி மேசையில் வைத்தாள். செய்யும்போதே இமை கனத்தது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். வாயால் மூச்சு விட்டாள். குட்டி வந்து உட்கார்ந்தாள், வாசனையை இழுத்தாள், வழக்கம்போல மேசையில் கை மடித்துத் தலை சாய்க்கப் போனாள்.

"தூங்காத. எழுந்து உக்காரு" என்றாள் தாய்.

அந்த வீட்டில் அந்த நேரத்தில் யாரும் சொல்லாத வார்த்தை. குட்டி விழித்துப் பார்த்தாள். எதிரே அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடப் போகிறவள்போல நின்றுகொண்டிருந்தாள். அந்த ஊரில் என்ன நடக்கிறது, என்னிடம் சொல் என்றாள். குட்டி தட்டைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். உதடு லேசாகக் கோணியது. பிறகு மெதுவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறவளைப்போல, ரூம் வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வேலையும் போய்விட்டது என்றாள். அப்போதுதான் அப்பாவுக்கும் வேலை நாட்களைக் குறைத்திருந்தார்கள், அதனால் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று...

அதற்கு மேல் கண்ணாடியம்மாவுக்குக் கேட்கவில்லை. ஒரு கணம் உட்காரலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பொரித்த முட்டையின் ஆவி முகத்தில் பட்டது. மகளின் குரல் நீண்டு, மெலிந்து, காற்றில் ஊதுகிற திரைச்சீலையின் சத்தமாக மாறியது. மாடிப்படி. வெள்ளை வெளிச்சம். நீளமான மேசை. வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே இன்னொரு நாற்காலியில் குட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே புதிதாக வந்தவள் மாதிரி இல்லை. வெகுகாலமாக உட்கார்ந்து பழகியவளைப்போல, வெறும் மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, சுகமாக இருந்தாள். அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

கண்ணாடியம்மா அலறிக்கொண்டு விழித்தாள். அலறல் வெளியே வந்ததோ, கனவுக்குள்ளேயே நின்றுவிட்டதோ தெரியவில்லை. வெயில் சுவரில் இறங்கியிருந்தது. யாரோ அவள் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். தட்டுகள் வைத்தது வைத்தபடி, ஒரு மூடியால் மூடப்பட்டு இருந்தன. குட்டி உள்ளறையில் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லிக்கொண்டிருந்தாயே, சொல் என்று போய் நின்றாள். ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன், இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றாள் குட்டி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திறந்த கதவின் முன்னால் தூங்கி விழுந்தோமே என்று தாய்க்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அறைய வேண்டுமென்றால் தன்னைத்தான் அறைந்துகொள்ள வேண்டும்.

மகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கையிலிருந்து வாங்கினாள். அருகில் உட்கார்ந்தாள். கணவரிடம் சொல்லாதது, பெற்றவர்களிடம் சொல்லாதது, அவள் வாயிலிருந்து தட்டுத் தடுமாறி வந்தது.

"நான் இப்படித் தூங்குறது எங்க வம்சத்து வழக்கம் இல்ல, குட்டி. வியாதியும் இல்ல. காலேஜ்ல படிக்கும்போது மத்தியானம் சாப்பிட எனக்கு ஒண்ணும் இருக்காது. அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தூங்கப் பழகினேன். இன்னிக்கு வரைக்கும் அது என்னை விடல. நீ பேசும்போதுகூட விடல பாரு."

குட்டி பையை ஓரமாகத் தள்ளினாள். தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள், அது இருமி இருமி நின்றது.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"பசிக்கும்போதுதான் நீ தூங்குவேன்னு தெரியும். சின்ன வயசுலயே பார்த்திருக்கேன். எழுந்ததும் எவ்ளோ வேகமா சாப்பிடுவே." சேலைத் தலைப்பையோ எதையோ தேடுவதுபோல அவள் விரல்கள் அம்மாவின் மடியில் அலைந்தன. "அங்க எனக்குச் சாப்பாடு இல்லாம போனப்போ, நீ தினமும் ஃபோன் பண்ணித் தூங்கு தூங்குன்னு சொன்னியா, உனக்கு எப்படியோ தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். தெரிஞ்சுதான் சொல்றே, சமாளிக்கிறதுக்கு நீ வழி சொல்லித் தர்றேன்னு நினைச்சேன்."

கண்ணாடியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷமாக மகள் பட்டினி கிடந்ததுகூடப் பெரிதில்லை, அது அம்மாவுக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அதற்காகக் கோபம்கூடப் படாமல் சமர்த்தாகத் தூங்கியிருக்கிறாளே இந்தப் பிள்ளை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெரியாது குட்டி, எனக்குத் தெரியவே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குட்டியும் அழுதாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னாள். கூட இருக்கிற பெண்கள் கூப்பிடும்போது சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வதைச் சொன்னாள். பரீட்சை எழுதும்போது கேள்வித்தாளில் பூச்சி பறந்ததைச் சொன்னாள். தாய் கண் அசராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடம் இரண்டு பேர் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என்று மட்டும் மனதில் முடிவு செய்துகொண்டாள். அந்த மனிதர் ஆடிப்போவார். போகட்டும்.

"இனிமே பசிச்சா தூங்காத, குட்டி. பசிக்குதுன்னு சொல்லு."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும். வெக்கப்படாம சொல்லு."

"நீ சொல்லியிருக்கியாம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தன் அப்பாவிடம் இல்லை, தோழிகளிடம் இல்லை, தினமும் பொன்னிறமாக வெங்காயம் வதக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த மனிதரிடம்கூட இல்லை. அந்த ஒரு சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தாள், வரவில்லை. இத்தனை வயதில், பெற்ற பெண்ணின் முன்னால், அவள் முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சிவந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

குட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தாம்மா. ரொம்பப் பசிக்குது."

இரண்டு பேரும் எழுந்து சமையலறைக்குப் போனார்கள். தாய் அடுப்பை மூட்டி, ஆறிப்போன உருளைக்கிழங்கைச் சட்டியில் கொட்டிக் கிளறினாள். வாசனை எழுந்தது. இமை கனக்க ஆரம்பித்தது. ஒரு கையால் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பேசிக்கிட்டே இரு, குட்டி. எதையாவது பேசு, நிறுத்தாத. நான் தூங்கிட்டா தட்டி எழுப்பு."